மழை வந்தால் டொக் டொக்

எனக்கு வாய்த்த ஆம்ப்ளிஃபயருக்கு என்னைவிட வயது அதிகம். கிதாரின் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும் பெட்டி, அவ்வளவுதான். ஆனால் இது அமெரிக்காவில் செய்த பழைய பெட்டி. உள்ளே சில்லு கில்லு எதுவும் கிடையாது. அந்தக் கால ரேடியோவில் இருந்த மாதிரி கண்ணாடி வால்வுகள்தான். ஆவடியில் ஒரு சர்ச்சில் புது ஸ்பீக்கர், புது மிக்ஸர் என்று வந்து இறங்கியபோது, இதை மாடிப்படிக்கு அடியில் தள்ளி, அதன் தலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். நான் கேட்டேன். எடுத்துக்கொண்டு போனால் இடம் மிச்சம் என்றார்கள்.

ஸ்விட்சைப் போட்டவுடன் பாடுகிற ஜாதி இல்லை இது. வால்வுகள் சூடேறி, ஆரஞ்சு நிறத்தில் கண் விழித்து, அதன் பிறகுதான் பேசும். நம் ஊர் கரண்ட்டை நேரடியாகக் கொடுத்தால் புகைந்துவிடும் என்பதால், செங்கல் கனத்தில் ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரையும் கூடவே தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் இந்த இரண்டையும் சுமந்துகொண்டு காட்டுப்பாக்கத்து ஃபிளாட்டின் படிகளில் ஏறும்போது, எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்று என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஐம்பதை நெருங்குகிற மனுஷனுக்கு இது தேவையா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். தேவைதான்.

இந்தப் பெட்டியில் நான் மயங்கியது டிரெமோலோவுக்கு. ஓடுகிற மின்விசிறிக்கு முன்னால் வாயை வைத்து ‘ஆ’ என்று இழுத்தால் குரல் நடுங்கி நடுங்கி வருமே, அதையே கிதாரின் சத்தத்துக்குச் செய்கிற ஏற்பாடு. நடுக்கத்தின் வேகத்துக்கு ஒரு குமிழ், ஆழத்துக்கு ஒரு குமிழ், வேண்டாதபோது நிறுத்தக் காலால் மிதிக்கும் ஒரு ஸ்விட்ச். இதையெல்லாம் இன்றைக்கு ஒரு செல்போன் செயலி செய்துவிடும் என்று ஆபீஸில் ஒரு பையன் என்னிடம் சொன்னான். அவனோடு நான் அதிகம் பேசுவதில்லை.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் குமணன்சாவடியில் டிரம்ஸ் வாசிக்கிற நண்பனின் டயர் கடைக்கு மேலே உள்ள அறையில் கூடுவோம். ரப்பர் வாசனையில்தான் எங்கள் சங்கீதம். வருஷத்துக்கு ஒரு முறை, டிசம்பர் கடைசி ஞாயிறு, பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஓட்டலின் மொட்டை மாடியில் வாசிப்போம். அதில் ஒரு மெதுவான பாட்டு உண்டு. ஆரம்பத்தில் டிரம்ஸ் இல்லை, பாட்டு இல்லை, கீபோர்டு இல்லை. நான் மட்டும், டிரெமோலோவோடு. வருஷம் முழுக்க அடுத்தவன் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. போன வருஷம் அதற்குத்தான் ஆபத்து வந்தது.

அதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஆவடியில் ராணுவ டாங்க் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் வளர்ந்தது அங்கே குவார்ட்டர்ஸில். அம்மா போன பிறகு என்னோடுதான் இருக்கிறார். இன்ஜின்களை ஓட்டிப் பார்க்கிற ஷெட்டில் காலம் கழித்ததில் காது பாதி போய்விட்டது. காது மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அது சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும். காதில் மாட்டினால் பேட்டரி தீர்ந்துவிடுமாம்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த புதிதில் அதன் பின்பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். வால்வுகள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. மற்றதெல்லாம் மேலே ஒரு இரும்புத் தட்டுக்குள் ஒளிந்திருந்தது. அதை வெளியே இழுக்க போல்ட் கழற்ற வேண்டும். போல்ட் என்ற சொல் மட்டும் அப்பாவுக்கு எந்த அறையில் இருந்தாலும் கேட்கும். ஸ்பேனரோடு வந்துவிட்டார். கழற்றி, இழுத்து, மேஜைமேல் வைத்துக் கொடுத்தார். அதற்கு மேல் கை வைக்கவில்லை. ஒயர் என்றால் எலக்ட்ரீஷியன் வேலை என்று ஒதுங்கிக்கொள்கிற பழக்கம் அவருக்குத் தொழிற்சாலையிலேயே ஊறியது.

நான் அவர் காதருகே கத்தினேன். “அப்பா, இந்த பிரவுன் அட்டை இருக்கு பாருங்க, இதுமேல நானூறு வோல்ட் ஓடுது. பிளக்கைப் புடுங்கினாலும் கண்டென்சர்ல நிக்கும். கை வெச்சா ஆள் காலி. தொடவே கூடாது.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து வெகு நேரம் பார்த்தார். “எங்க, இங்கயா?”

“அங்கதான்.”

“ம்,” என்றார். திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு நானும் அந்தத் தட்டை வெளியே இழுக்கவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

எங்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவும் கிடையாது. ஒரே ஒரு தடவை, அதற்கு முந்தைய வருஷத்து ஆயுத பூஜைக்கு, வீட்டில் இருந்த மிக்ஸி, ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர், லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், என் ஆம்ப்ளிஃபயரின் முன்பக்கத் துணியிலும் அப்பிவிட்டார். அந்தத் துணிக்கு வயது எழுபதைத் தொடும். நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஃபிளாட் கதவு திறந்தது. ஈரத் துணியால் துடைக்கத் துடைக்க அது பரவி, இன்றைக்கும் ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. அப்பா குங்குமச் சிமிழை மூடிக்கொண்டு போய்விட்டார்.

போன வருஷம் பூஜை விடுமுறைக்கு மனைவியின் ஊரான சேலத்துக்கு நாங்கள் போனோம். அப்பா வரவில்லை, வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். திரும்பி வந்தோம். மழையும் எங்களோடு சேர்ந்து வந்த மாதிரி அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் பெட்டியைப் போட்டு, டிரெமோலோவை மிதித்தேன்.

டொக். டொக். டொக்.

கதவை யாரோ விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கிதாரைத் தொடவே இல்லை, தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. வேகக் குமிழைத் திருகினால் தட்டுவதும் வேகமாகிறது. காலால் நிறுத்தினால் நின்றுவிடுகிறது. ஆகவே தப்பு டிரெமோலோவில்தான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. எங்கே தப்பு என்று தெரிந்துகொண்டே அதைச் சரிசெய்ய முடியாமல் இருப்பது எவ்வளவு கொடுமை என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வால்வுதான் என்று முடிவு கட்டினேன். இணையத்தில் உலகம் முழுக்க இருக்கிற கிழட்டு கிதார்க்காரர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். புது வால்வு வரவழைத்து மாற்றினேன். டொக். வீட்டு கரண்ட்டில் கோளாறு என்று நினைத்தேன். இன்வர்ட்டரை அணைத்தேன். ஃபிரிட்ஜை அணைத்தேன். மாவு புளிக்குமோ என்னவோ என்று மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். டொக். அடுக்ககத்தின் லிஃப்ட் மோட்டார்தான் காரணம் என்று காவலாளியிடம் போய்க் கொஞ்ச நேரம் லிஃப்டை நிறுத்தச் சொன்னேன். அவர் செயலாளரிடம் சொல்ல, செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட, அன்றைக்கு ராத்திரிக்குள் எனக்கு அடுக்ககத்தில் ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

“பேசாம புதுசு ஒண்ணு வாங்கிடேன்,” என்றாள் மனைவி.

வீட்டில் அந்தச் சத்தத்தைக் குறை சொல்லாத ஒரே ஆள் அப்பா. கிதார் அவர் காதுக்கு எட்டாது. இந்த டொக் மட்டும் நன்றாக எட்டியது. சோஃபாவில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே, “இன்ஜின் ஐடில்ல ஓடற மாதிரி இருக்குது. நல்லாத்தான்டா ஓடுது,” என்றார். எனக்குக் கிதாரை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

அம்பத்தூரில் ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று டிரம்ஸ் நண்பன் சொன்னான். கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறவர்களின் ஆம்ப்ளிஃபயர்களைப் பார்க்கிற ஆள். வால்வு செட்டும் தெரியும் என்றான். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு சந்தில் தகரக் கொட்டகை. மேஜைமேல் இருக்கிற மல்டிமீட்டர், சால்டரிங் அயன், ஸ்குரூடிரைவர் எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனம் குங்குமம். மீட்டரின் கண்ணாடியில் வைத்த பொட்டு, முள் நிற்கிற எண்ணில் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. அதை அவர் தலையைச் சாய்த்து, பொட்டுக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துப் படித்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

“உட்டுட்டுப் போ சார். பாத்துட்டு போன் பண்றேன்,” என்றார்.

சில நாள் கழித்துப் போன் வந்தது. பழைய கண்டென்சர்கள் எல்லாம் காய்ந்துபோயிருந்தனவாம். மாற்றிவிட்டார். போய்ப் பார்த்தேன். இரும்புத் தட்டை ஏற்கெனவே பெட்டிக்குள் ஏற்றி மூடி வைத்திருந்தார். போட்டுக் காட்டினார். டிரெமோலோ பாலைப் போல வந்தது. டொக் இல்லை. எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அடுத்த மழைக்கு வீட்டில் போட்டேன்.

டொக். டொக். டொக்.

திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். அன்றைக்குக் கூட்டமாக இருந்ததால் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் அவர் போட்டபோது சத்தம் வரவில்லை. “இங்க நல்லா கீது சார். உன் ஊட்டு லைன்லதான் இன்னாவோ கோளாறு,” என்றார். என் வீட்டு லைனில் கோளாறு என்றால் குமணன்சாவடியிலும் ஏன் தட்டுகிறது? அதைக் கேட்டேன். “அத்த அந்த ஊட்டுக்காரனை கேளு,” என்றார். நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டோம். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள்.

டிசம்பர் வந்தது. டயர் கடை மாடியில் ஒத்திகை. வெளியே மழை. என் முறை வந்தது. எல்லாரும் அமைதியானார்கள். நான் கிதாரின் கம்பிகளை ஒரே ஒரு தடவை மீட்டிவிட்டு, டிரெமோலோவை மிதித்தேன். நடுக்கத்துக்கு நடுவே, ஒவ்வொரு அலைக்கும் ஒரு தட்டு. டிரம்ஸ் நண்பன் குச்சிகளைத் தொடைமேல் வைத்துவிட்டான்.

“இன்னா மச்சான் இது? வாச்சுக் கடை கணக்கா அட்ச்சிகினு கீது உன் பொட்டி. நான் டெம்போ புடிக்கிறதா, அது புடிக்கிறதா?”

“சரி பண்ணிடறேன்டா.”

“அக்டோபர்லருந்து இதத்தான் சொல்லிகினு கீற.” அவன் என்னைப் பார்க்காமல் ஹை-ஹேட் தாளத் தட்டின் திருகை முடுக்கினான். “கோச்சுக்காத மாமே. நம்ம கீபோர்டுகாரன் ஆபீஸ்ல ஒரு தம்பி வாசிக்கிறான். சின்னதா ஒரு டிஜிட்டல் பொட்டி, பைக்குல எத்துக்கினு வந்துடறான். இது சரியாவலன்னா இந்தத் தபா அந்தப் பாட்ட அவன் வாசிக்கட்டும். நீ மத்ததுல இரு.”

மற்றதில் இரு. மற்ற பாட்டுகளில் நான் செய்கிற வேலை, பின்னால் நின்று தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருப்பது. அந்தப் பெட்டி செய்கிற அதே வேலை. நான் சரி என்று சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்டினேன். கோபம் அவன்மேல் இல்லை, அவன் சொன்னது நியாயம். அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதை மழையில் நனைந்த கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் சமாளித்தேன்.

பெட்டியைப் பழைய ஃபிளெக்ஸ் பேனரில் சுற்றி, ஆட்டோவில் அணைத்துப் பிடித்துக்கொண்டு திரும்பும்போதுதான் மூளை வேலை செய்தது. பேனரில் யாரோ ஒரு வட்டச் செயலாளர் என் மடியில் கும்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் நாலைந்து நாள் வெயில் அடித்தபோது இந்தச் சத்தம் வந்ததா? வரவில்லை. அப்போது நான் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேனே. மழை வந்தால் வருகிறது. வெயிலில் போய்விடுகிறது. மெக்கானிக் கடையில்? அங்கே தகரக் கூரையின் சூடு, போதாததற்கு அவர் வேலை செய்யும்போது தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டுக்கொள்கிறார். அதற்கு அடியில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் அப்பளம் பொரிந்துவிடும். அப்படியானால் உள்ளே ஏதோ ஒன்று ஈரத்தைக் குடிக்கிறது. நடுங்குகிற கரண்ட் ஓடுகிற ஒயரிலிருந்து, அந்த ஈரத்தின் வழியாக, பாட்டு ஓடுகிற ஒயருக்குக் கசிகிறது.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் நேராக அம்பத்தூர். என்னைப் பார்த்ததும் மெக்கானிக் முகம் சுருங்கியது. பல்புக்குக் கை நீட்டினார்.

“அந்த பல்பைப் போடாதீங்க. அப்படியே கரண்ட் குடுங்க,” என்றேன்.

கொடுத்தார். வால்வுகள் சூடேறின. மிதித்தேன். டொக், டொக் என்று அவர் கடையிலேயே, அவர் காது கேட்கத் தட்டியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டு வேறு எப்போதும் வந்ததில்லை.

“அட, ஆமா சார்,” என்றார்.

“உள்ள எங்கயோ ஈரம் சேருது. தொறங்க.”

பிளக்கைப் பிடுங்கி, பலகையைக் கழற்றி, தட்டை இழுத்து, கண்டென்சர்களில் நின்ற கரண்ட்டை இறக்கிவிட்டு மேஜைமேல் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். புதுக் கண்டென்சர்கள் வரிசையாகப் பளபளத்தன. அவற்றுக்கு நடுவில், பிரவுன் அட்டையின் மேல், மூன்று சந்தனப் பொட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். நடுப் பொட்டு மட்டும் வழிந்து, ஒரு வால் மாதிரி இழுபட்டு, பக்கத்து ஒயர் வரைக்கும் போயிருந்தது. அது லேசாக ஈரத்தில் மினுங்கியது.

“இது என்ன?” என்றேன்.

“இன்னா சார், பூஜை போட்டது நீதான? மறந்துட்டியா?”

“நான் போடல! இது முதல் தடவை தொறந்தப்பவே இருந்துச்சா?”

“இருந்துச்சே.”

“கண்டென்சர் எல்லாம் மாத்தினீங்களே, இதைப் பார்த்துட்டு எப்படி விட்டீங்க?”

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. “ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு சார். யாரோ பக்தியா உள்ள வரிக்கும் வெச்சிகிறாங்கன்னு நெனச்சேன். அதுல படாம, சுத்திகினு சுத்திகினு சால்டர் வெச்சேன். எம்மாங் கஷ்டம் தெரியுமா? சாமி விஷயம், நான் எப்படி கை வைக்கிறது?”

பொட்டு மறைக்காத பக்கமாக எட்டிப் பார்த்து மீட்டரைப் படிக்கிற மனிதரிடம் நான் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? ஸ்பிரிட் பாட்டிலையும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷையும் என் பக்கம் தள்ளினார். தான் துடைக்க மாட்டேன் என்றார். நான் தேய்த்தேன். மஞ்சளும் சிவப்புமாகப் பஞ்சில் வந்தது. அட்டையின் நிறம் தெரிகிறவரை தேய்த்தேன். நான் தேய்த்து முடிக்கிறவரை அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஈரம் போக ஊதி, கரண்ட் கொடுத்து, மிதித்தோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, டிரெமோலோ மட்டும் வந்தது. சுத்தமாக.

சந்தோஷப்பட வேண்டியவன் வீடு வந்து சேருகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். அயனம்பாக்கம் வழியெல்லாம் முழங்கால் தண்ணீர். ஆட்டோ நின்று நின்று ஓடியது. அந்த நேரம் முழுக்க அப்பாவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். மூன்று மாதம். புது வால்வு. லிஃப்ட். வாட்ஸ்அப். என் பாட்டு கையை விட்டுப் போகப் பார்த்தது. எல்லாம் ஒரு பொட்டால்.

அவர் சோஃபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியை அணைத்தேன். காது மெஷினை அவர் பையிலிருந்து நானே எடுத்து அவர் கையில் வைத்தேன். மாட்டிக்கொண்டார்.

“அந்தப் பொட்டிக்குள்ள பொட்டு வெச்சது நீங்களா?”

“ஆமா. நீங்க சேலம் போயிருந்தப்ப.”

“வெளியில வெச்சாலாவது பரவாயில்ல. உள்ள ஏன்பா கைய விட்டீங்க?”

“வெளிய வெச்சா உனக்குப் புடிக்கல. தொடச்சிட்ட.”

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. சத்தத்தைப் பற்றி அடுக்கி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், வேறொன்று வாயில் வந்தது. “உயிர் போயிருக்கும்பா! அதுல நானூறு வோல்ட் நிக்குதுன்னு உங்ககிட்ட நான் சொல்லலையா? இந்த எடத்துல கை வெச்சா ஆள் காலின்னு விரல நீட்டிக் காட்டலையா?”

“காட்டினியே,” என்றார் அப்பா. “அதனாலதான் அங்க வெச்சேன்.”

அவர் மெஷினைக் காதில் சரி செய்துகொண்டு, சின்ன விஷயத்தை விளக்குகிற குரலில் சொன்னார்.

“ஃபேக்டரி ஷாப்புல, மெஷின் பேர் எழுதியிருக்கிற தகட்டுல பொட்டு வெக்கிறவன் ஆபீஸ்காரன். நாங்க அப்படி வெக்க மாட்டோம். எது கையக் கடிக்குமோ அந்த எடத்துல வெப்போம். பிரஸ்ஸா, பிரஸ் வந்து இறங்கற எடம். பெல்ட்டா, பெல்ட் போய் மாட்டற எடம். மெஷினுக்கா வெக்கிறோம்? அதுகிட்ட நிக்கிறவனுக்கு வெக்கிறது.” பெட்டியைக் கை காட்டினார். “நீ தெனம் அது பக்கத்துல உக்காந்து குமிழத் திருகற. உள்ள அவ்வளவு கரண்ட் நிக்குதுன்னு சொல்ற. எனக்கு நீ சொன்னதுலருந்து மனசே சரியில்ல.”

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “பிளக்கைப் புடுங்கிட்டா தொறந்தீங்க?” என்று கேட்டேன்.

“புடுங்கிப் போட்டு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தொறந்தேன். அப்பவும் பயம்தான். எனக்குக் கரண்ட்டு வேலை தெரியாது இல்ல?” அவர் தன் வலது கையை விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “நடுப் பொட்டு வெக்கறப்ப கை நடுங்கிப் போச்சு. கொஞ்சம் வழிஞ்சிருக்கும்.”

டாங்க் இன்ஜினுக்குள் தோள் வரைக்கும் கை விட்ட மனுஷன். அந்த வாலைத்தான் நான் ஸ்பிரிட்டில் முக்கித் தேய்த்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த வால்தான் சத்தம் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே வீட்டுக்கு வந்தவன், சொல்லவில்லை.

“சரியாயிடுச்சா?” என்று அவரே கேட்டார்.

“ஆயிடுச்சுப்பா.”

“பாத்தியா,” என்று சொல்லி டிவியைப் போட்டுக்கொண்டார்.

அந்த டிசம்பர் கடைசி ஞாயிறு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாசித்தேன். சாயங்காலம் தூறல் போட்டது, மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள், பக்கத்து மேஜையில் ஒரு பிறந்தநாள் கேக் வெட்டினார்கள். என் பாட்டின் ஆரம்பத்தில் டிரம்ஸ் நண்பன் தலையைச் சாய்த்து டொக்குக்காகக் காத்திருந்தான். அது வரவே இல்லை. “இன்னாடா பண்ண?” என்று பிறகு கேட்டான். “பொட்டு,” என்று மட்டும் சொன்னேன். நான் குடித்திருக்கிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று காலை நடந்தது. பெட்டியைக் கூடத்தில் இறக்கி, ஃபிளெக்ஸ் பேனரை விரித்துச் சுற்றத் தயாராக நின்றேன். ஆட்டோ கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா குங்குமச் சிமிழோடும் சந்தனக் கிண்ணத்தோடும் வந்து, பெட்டிக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார். கிட்டே வரவில்லை.

“எங்க வைக்கட்டும்?” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆட்டோக்காரர் கத்துகிறார், நேரம் ஆகிறது, மழை வரப்போகிறது, இந்த நேரத்தில் இது தேவையா? இருந்தாலும் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் குனிந்து, ஒயர் எதுவும் நெருங்காத, வெறும் இரும்பாக இருக்கிற ஒரு ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

“இங்க வையுங்க. இங்க மட்டும்தான். இங்க ஒண்ணும் ஆகாது.”

அவர் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். சந்தனத்தில் விரலைத் தோய்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பெருசா வைக்கட்டுமா?”

“வையுங்கப்பா,” என்றேன். “நல்லா பெருசாவே வையுங்க.”